நிலம் என்றால் நிலம் அல்ல: எல்லையோர மனை விற்பனையும் நம் சேமிப்பும்



பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் ஆகிய ஊர்களில் 22 ஆண்டுகள் நிலத் தரகராகத் தொழில் செய்தவன் நான். இப்போது மகள் குடும்பத்தோடு இங்கு வந்து வசிக்கிறேன். சங்கத்தின் பொங்கல் விழாவானாலும் சித்திரை விழாவானாலும், கையில் ஒரு வண்ணத் துண்டுப் பிரசுரத்தோடு யாராவது ஒருவர் என்னைத் தேடி வந்துவிடுகிறார். "பாலக்காட்டுப் பக்கம் மனை போட்டிருக்கிறார்களாம், மூணாறு பக்கம் ஏலத்தோட்டத்தைத் துண்டு துண்டாகத் தருகிறார்களாம், வாங்கலாமா ஐயா?" என்பதுதான் கேள்வி.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, அந்தத் தொழில் எப்படி நடக்கிறது, தரகர்கள் எந்தெந்த வழிகளில் விற்கிறார்கள், அதில் எது நியாயம், எது கண்கட்டு என்பதை எழுதிவைத்தால் பலருக்கும் பயன்படும் என்று தோன்றியது. இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது உதவலாம். தரகுத் தொழிலை இழிவாகச் சொல்வது என் நோக்கமல்ல. வாங்குபவரும் விற்பவரும் ஒருவரை ஒருவர் அறியாத இடத்தில் நடுவே நின்று பேச ஒரு மனிதர் தேவை. அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஏன் இந்த எல்லையோரம்?

கோயம்புத்தூரிலிருந்து வேலந்தாவளம் வழியாகச் சித்தூர் தாலுகாவுக்குள் நுழைந்தால், சோதனைச் சாவடியைத் தவிர வேறு எதுவும் மாநிலம் மாறியதைச் சொல்லாது. கடையிலும் கோயிலிலும் தமிழ்தான். இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளும் அப்படியே. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகத் தேனி மாவட்டத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக ஏலத்தோட்டத்துக்குப் போய் வருகிறார்கள். மொழி தெரிந்த இடம் என்பதால் நமக்கு ஒரு தைரியம் வருகிறது. தரகரின் முதல் மூலதனமே இந்தத் தைரியம்தான்.

ஆனால் மொழி ஒன்றாக இருந்தாலும் நிலச் சட்டம் ஒன்றல்ல. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கேரள மாநிலம் உருவாவதற்கு முன், பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் கொச்சி சமஸ்தானத்துச் சீமை. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர். மூன்று அரசுகளின் நில வழக்கங்கள் ஒரே மாநிலத்தில் வந்து சேர்ந்தன. பிறகு 1963-ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டமும், 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையை ஒழித்த அதன் திருத்தமும் வந்தன. ஆகவே தமிழ்நாட்டில் நாலு பத்திரம் பார்த்துப் பழகியவர்கள்கூட அங்கே போனால் புதியவர்கள்தான்.

தரகர் நம்மை அணுகும் வழிகள்

முதல் வழி, உறவு. முகம் தெரியாதவர் சொன்னால் நாம் யோசிப்போம். ஒன்றுவிட்ட தம்பி சொன்னால் யோசிக்க மாட்டோம். அதனால் தரகர் நேரே நம்மிடம் வருவதில்லை. நம் ஊர்க்காரர் ஒருவரை, ஓய்வு பெற்ற ஆசிரியரை, சங்கத்தில் நாலு பேருக்குத் தெரிந்தவரை முன்னே அனுப்புகிறார். அவருக்கும் ஒரு பங்கு உண்டு. இதில் தவறில்லை. ஆனால் பங்கு உண்டு என்பதை அவர் நம்மிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது, கூலி வாங்கும் முறை. வழக்கமான தரகு, இரு தரப்பிலும் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ. இன்னொரு முறையும் இருக்கிறது. "எனக்குச் சென்ட்டுக்கு இவ்வளவு வந்தால் போதும், அதற்கு மேல் வருவது உன்னுடையது" என்று உரிமையாளர் சொல்லிவிடுவார். அப்போது தரகர் நம் பக்கம் நின்று விலை பேசுவதாகத் தோன்றும். உண்மையில் அவர் பேசுவது தன் லாபத்தை. "உங்கள் கூலி எவ்வளவு, யார் தருகிறார்கள்?" என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். நேர்மையான தரகர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமைப் பயணம். வண்டி அவர்களுடையது, மதியச் சாப்பாடும் அவர்களுடையது. பத்துக் குடும்பங்களை ஒன்றாக அழைத்துப் போவார்கள். ஒருவர் முன்பணம் கொடுப்பதைப் பார்த்ததும் அடுத்தவருக்குக் கை துறுதுறுக்கும். முதலில் கொடுப்பவர் சில சமயம் அவர்களுடைய ஆளாகவே இருப்பார். "இன்னும் நாலு மனைதான் பாக்கி", "திங்கட்கிழமை விலை ஏறுகிறது" என்ற வசனங்கள் அப்போதுதான் வரும். விடுமுறைக்கு வந்தவருக்கு நாள் குறைவு என்பது அவர்களுக்குத் தெரியும்.

நான்காவது, பருவம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மழை குறைந்த பகுதி. அங்கே மனை காட்டுவது மழைக்குப் பிறகு, கிணறு நிரம்பியிருக்கும்போது. சித்திரை வெயிலில் போய்ப் பார்த்தால்தான் ஆழ்துளைக் கிணற்றின் கதை தெரியும். இடுக்கியில் இதற்கு நேர் எதிர். மார்கழி, தை மாதங்களில் பனியும் பச்சையுமாகக் காட்டுவார்கள். ஆடி மழையில் காட்ட மாட்டார்கள். வட்டவடைப் பக்கம் குறிஞ்சி பூத்த 2018-இல் வந்த கூட்டத்தைப் பார்த்து அங்கே நிலம் தேடியவர்கள் உண்டு. குறிஞ்சி பூப்பது 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை. நிலத்தின் வில்லங்கமோ ஆண்டு முழுவதும் இருக்கும்.

ஐந்தாவது, பெரிய பெயரின் நிழல். "ஐ.ஐ.டி. பக்கத்தில்", "கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை பக்கத்தில்" என்பார்கள். 2015-இல் பாலக்காட்டில் ஐ.ஐ.டி. தொடங்கியது உண்மை. கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையும் உண்மை. 'பக்கத்தில்' என்பது எத்தனை கிலோமீட்டர் என்பதை மட்டும் பிரசுரத்தில் தேட வேண்டும்.

ஒரே எழுத்து, வேறு பொருள்

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். எல்லைக்கு அந்தப் பக்கத்துக் காகிதங்களில் வரும் சொற்கள் பல, நமக்குத் தெரிந்த சொற்களைப் போலவே இருக்கும். பொருள் மட்டும் வேறாக இருக்கும். நாம் நன்றாகப் புரிந்துகொண்டதாக நினைத்துக் கையெழுத்துப் போடுவோம்.

முதலாவது, 'நிலம்'. நமக்கு நிலம் என்றால் எந்த நிலமும் நிலம்தான். கேரள வருவாய்ப் பதிவேட்டில் 'நிலம்' என்று எழுதியிருந்தால் அது நெல்வயல். வீடு கட்டக்கூடிய மேட்டு நிலத்துக்கு அங்கே 'புரையிடம்' என்று பெயர். தரகர் வரி ரசீதைக் காட்டி, "இதோ பாருங்கள், நிலம் என்றே போட்டிருக்கிறது" என்றால், தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் மகிழ்ச்சியோடு தலையாட்டுவார். அந்த ஒரு சொல்தான் அவர் அங்கே வீடு கட்ட முடியாது என்பதற்குச் சாட்சி.

2008-ஆம் ஆண்டின் கேரள நெல்வயல் மற்றும் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் நெல்வயலை மூடி மண் கொட்டுவதைத் தடுக்கிறது. ஒவ்வொரு ஊராட்சிக்கும் 'டேட்டா பேங்க்' என்று ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பஞ்சாயத்தில் எந்தச் சர்வே எண் வயல், எது ஈரநிலம் என்பது அதில் இருக்கும். சொந்தமாக வேறு இடம் இல்லாத உரிமையாளர் தன் குடும்பத்துக்கு வீடு கட்ட, கிராமத்தில் 10 சென்ட், நகரத்தில் 5 சென்ட் வரை நிபந்தனைகளோடு அனுமதி பெற வழி உண்டு. பட்டியலில் இல்லாமல், பதிவேட்டில் மட்டும் வயல் என்று இருப்பதை மாற்றிக்கொள்ள 2018-இல் வந்த திருத்தத்தில் தனி வழி உண்டு. இரண்டும் விண்ணப்பம் போட்டு, ஆய்வு நடந்து, உத்தரவு வந்த பிறகுதான். "வாங்கிய பிறகு மாற்றிக்கொள்ளலாம், நம்ம ஆள் இருக்கிறார்" என்று சொல்லும் தரகரிடம், "மாற்றிய உத்தரவைக் காட்டுங்கள், அப்புறம் வாங்குகிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

ஷார்ஜாவில் செவிலியராக இருந்த ஒரு பெண்ணும் அவர் கணவரும் சித்தூர்ப் பக்கம் 18 சென்ட் வாங்கிவிட்டு, வீட்டு வரைபடத்தோடு என்னிடம் வந்தார்கள். விற்றுக்கொடுத்தவர் வேறொரு தரகர். இடம் கரையேறி, கல் நட்டு, பார்க்க மனை போலவே இருந்தது. ரசீதில் 'நிலம்' என்று இருந்தது, பட்டியலிலும் இருந்தது. அவர்களுக்குப் பாலக்காடு நகரத்தில் ஏற்கெனவே ஒரு வீடு இருந்ததால் 10 சென்ட் சலுகையும் கிடைக்கவில்லை. பதினான்கு வருட இரவுப் பணியின் சேமிப்பு அந்த வயலில் நிற்கிறது. அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நிலம் என்று எழுதியிருந்ததே, நான் படித்துத்தானே வாங்கினேன்?" அவர் படித்தது உண்மை.

இரண்டாவது, 'பட்டா'. தமிழ்நாட்டில் பட்டா என்றால் வருவாய்த் துறைப் பதிவில் நிலம் நம் பெயரில் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. கேரளத்தில் 'பட்டயம்' என்பது பெரும்பாலும் அரசிடமிருந்து நிலம் கிடைத்ததற்கான ஆவணம். அதிலும் இரண்டு வகை. நிலத் தீர்ப்பாயம் குத்தகைதாரரை உரிமையாளராக்கிக் கொடுத்தது ஒன்று. 1960-ஆம் ஆண்டின் அரசு நிலப் பதிவுச் சட்டத்தின் கீழ் அரசு பதித்துக் கொடுத்தது இன்னொன்று. இரண்டாவது வகையில் நிபந்தனைகள் உண்டு: விவசாயத்துக்கும் குடியிருப்புக்கும் மட்டுமே என்று இருக்கலாம், குறிப்பிட்ட காலம் விற்கக்கூடாது என்று இருக்கலாம். பிரசுரத்தில் "பட்டா நிலம்" என்று பெரிய எழுத்தில் இருந்தால் நாம் கேட்க வேண்டியது, எந்தப் பட்டயம், எந்த ஆண்டு, என்ன நிபந்தனை என்பதே.

மூன்றாவது, 'போக்குவரவு'. நமக்குப் பேருந்து ஞாபகம் வரும். அங்கே அது பெயர் மாற்றம். விற்ற பிறகு வருவாய்ப் பதிவில் வாங்கியவர் பெயருக்கு மாற்றுவது. 'ஆதாரம்' என்றால் நமக்குச் சான்று. அங்கே அது கிரயப் பத்திரம். 'கரம்' என்றால் வரி. 'தண்டப்பேர்' என்பது நில உரிமையாளரின் கணக்கு எண். தண்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இவற்றைத் தெரிந்துகொண்டு போனால், தரகர் நம்மோடு பேசும் முறையே மாறிவிடும்.

அளவும் வேறு. நாம் கிரவுண்டில் யோசிப்போம்; அங்கே சென்ட், ஆர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 2,400 சதுர அடி கிரவுண்டு சுமார் ஐந்தரை சென்ட். 100 சென்ட் ஒரு ஏக்கர். ஒரு ஆர் ஏறக்குறைய 2.47 சென்ட். கேரளப் பத்திரத்தில் ஆர் கணக்கில்தான் இருக்கும். தரகர் சென்ட்டில் பேசுவார். இரண்டையும் பெருக்கிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மலைப்பக்கத்து எச்சரிக்கைகள்

இடுக்கியில் விற்பனைக்கு முதல் சரக்கு 'வியூ'. மலைச்சரிவில் நின்று பார்த்தால் மனம் கரைவது இயல்பு. அந்தச் சரிவு யாருடையது, என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி.

மூணாற்றைச் சுற்றிய கண்ணன் தேவன் மலைகளை 1971-இல் கேரள அரசு தனிச் சட்டம் போட்டு மீட்டது. தோட்டத்துக்கு வேண்டியது மட்டும் கம்பெனியிடம் விடப்பட்டது. தேயிலை, காப்பி, ஏலம், ரப்பர் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்கு உண்டு. அந்த விலக்கு தோட்டம் தோட்டமாக இருப்பதற்காகக் கொடுக்கப்பட்டது. அதைத் துண்டு போட்டு மனையாக விற்றால் விலக்கும் கேள்விக்குள்ளாகும், வாங்கியவர் உரிமையும் கேள்விக்குள்ளாகும்.

2007-இல் மூணாற்றில் அரசு இயந்திரங்களைக் கொண்டுவந்து கட்டடங்களை இடித்தது பலருக்கு நினைவிருக்கும். 2010-இல், மூணாறு பகுதியில் வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்று இல்லாமல் கட்டடம் கட்டக்கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 1999-இல் தேவிகுளம் தாலுகாவில் வழங்கப்பட்டு, 'இரவீந்திரன் பட்டயம்' என்று பேச்சுவழக்கில் அறியப்பட்ட 530 பட்டயங்களை ரத்து செய்ய 2022 ஜனவரியில் அரசு உத்தரவிட்டது. அதாவது 23 ஆண்டுகள் கையில் இருந்த காகிதமும் கேள்விக்குள்ளாகலாம். நிபந்தனையை மீறி நடந்த உபயோகத்தை முறைப்படுத்த 2023-இல் சட்டசபை ஒரு திருத்தச் சட்டம் நிறைவேற்றியது. அதைக் காட்டி "இனிமேல் எல்லாம் சரியாகிவிட்டது" என்று விற்பவர்கள் உண்டு. சரியானதா என்பதை, வாங்கப் போகும் அந்தச் சர்வே எண்ணுக்கான உத்தரவுதான் சொல்லும். பொதுவான சட்டம் சொல்லாது.

வட்டவடை, கொட்டகம்பூர்ப் பக்கம் நிலம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். கொட்டகம்பூரில் 58-ஆம் பிளாக்கும், வட்டவடையில் 62-ஆம் பிளாக்கும் 2006-இல் அறிவிக்கப்பட்ட குறிஞ்சிமலை சரணாலயத்தோடு சம்பந்தப்பட்டவை. பிளாக் எண் என்ன என்று கேட்காமல் அங்கே காலை வைக்கவே கூடாது.

பாலக்காட்டு மலைப்பக்கமான அட்டப்பாடியும் அப்படியே. ஆனைக்கட்டியைத் தாண்டினால் அட்டப்பாடி என்பதால் கோவையில் அதற்கு நல்ல கிராக்கி. அது இருளர், முடுகர், குறும்பர் வாழும் பூமி. ஆதிவாசிகளின் நிலம் மற்றவர் கைக்குப் போவதைத் தடுத்து 1975-இல் சட்டம் வந்தது. 1999-இல் வேறொரு சட்டம் வந்தது. அங்கே பத்திரம் நாலு கை மாறியிருக்கலாம். முதல் கை யாருடையது என்று பார்க்க வேண்டும். சட்டத்துக்காக மட்டுமல்ல, ஏமாற்றிப் பறிக்கப்பட்ட ஒருவரின் காணியில் நம் பிள்ளைகளுக்கு வீடு கட்டுவது நன்றாகவும் இராது.

சரிவைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, ராஜமலைக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். அவர்களுக்கு இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. மழைக்காலத்தில் ஒரு முறை போய்ப் பார்க்காமல் மலையில் இடம் வாங்காதீர்கள்.

சட்டம் தரகருக்குச் சொல்வது

2016-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தைச் சுருக்கமாக 'ரெரா' என்பார்கள். கேரளத்தில் அதற்கான ஆணையம் 'கே-ரெரா'. வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டியவை இவை.

500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 12 சென்ட்டுக்கு மேல் உள்ள இடத்தை மனைகளாகப் பிரித்து விற்கும் திட்டம் முதலில் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு ஆகும் முன் விளம்பரம் செய்வதே குற்றம். "தொடக்க விலை, பதிவுக்கு முன் வாங்குபவருக்குச் சலுகை" என்று வரும் பிரசுரம் தன் குற்றத்தைத் தானே அச்சடித்துக்கொண்டு வருகிறது.

தரகரும் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு ஒரு மாநிலத்துக்கு மட்டும் செல்லும். கோயம்புத்தூரில் பதிவு செய்த தரகர் பாலக்காட்டு மனைத் திட்டத்தை விற்க வேண்டுமானால் கேரளத்திலும் பதிவு வேண்டும். எல்லையோரத்தில் பலர் இதைச் சொல்வதில்லை. பதிவில்லாத தரகருக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், விற்ற சொத்தின் மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் உண்டு.

ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்வதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. விளம்பரத்தில் சொன்னது பொய்யானால், அதை நம்பி நஷ்டப்பட்டவர் ஈடு கேட்கலாம். ஆகவே துண்டுப் பிரசுரத்தைக் குப்பையில் போடாதீர்கள். தேதி எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

இதிலிருந்து தப்பவே சிலர் மனையை 'விவசாயப் பண்ணைத் துண்டு' என்ற பெயரில் விற்கிறார்கள். வெறும் விவசாய நிலமாக விற்றால் இந்தச் சட்டம் எட்டாது என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அங்கேதான் நமக்கு வேறொரு சட்டம் குறுக்கே நிற்கிறது.

வெளிநாட்டில் இருப்பவர் அறிய வேண்டியது

வெளிநாடுவாழ் இந்தியரும், வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை வைத்திருப்பவரும் இந்தியாவில் வீடு வாங்கலாம், கடை வாங்கலாம், வீட்டுமனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகிய மூன்றையும் விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அப்பா, தாத்தா வழியில் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ஆகவே வெளிநாட்டில் அரங்கம் எடுத்து, "ஏலத்தோட்டத்தில் அரை ஏக்கர், நாங்களே பராமரித்து வருமானம் அனுப்புவோம்" என்று நம்மவருக்கு விற்பவர், நாம் வாங்கக்கூடாத பொருளை நமக்கே விற்கிறார்.

இலங்கைக் குடியுரிமை உள்ள நம் உறவினர்கள் இந்தியாவில் எந்தச் சொத்து வாங்கவும் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி தேவை. இந்தியக் குடியுரிமை அட்டை இருந்தால் அது வேறு.

"அப்படியானால் மச்சான் பெயரில் வாங்கிப் போடுங்கள்" என்பது தரகரின் அடுத்த யோசனை. பணம் நம்முடையது, பெயர் வேறொருவருடையது என்றால் அது பினாமி. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் கடுமையாக்கப்பட்டுவிட்டது, சொத்து பறிபோகலாம். மச்சானோடு உறவும் சேர்ந்து போகலாம்.

"பத்திரம் எதற்கு, பவர் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், முத்திரைச் செலவு மிச்சம்" என்பது இன்னொரு யோசனை. பவர் பத்திரம் உரிமையை மாற்றாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இந்தப் பத்து சதவீதத்தைச் சேர்த்துத்தான் இடத்தின் விலை என்று ஆரம்பத்திலேயே கணக்குப் போடுங்கள். பணத்தை வங்கி மூலமே அனுப்புங்கள். ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு நாளை சாட்சி சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

நல்ல தரகரின் விற்பனை முறை

தொழிலில் இறங்கும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குத் தொழில் கற்றுத்தந்த பெரியவர் கையில் எப்போதும் ஒரு துணிப்பை இருக்கும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு காகிதக் கட்டு. இடத்தைக் காட்டும் முன் கட்டைக் கொடுத்துவிடுவார். "வக்கீலிடம் காட்டுங்கள், அவர் சரி என்றால் போய்ப் பார்க்கலாம்" என்பார். போகும் வழியிலேயே குறையைச் சொல்லிவிடுவார்: "வழி பத்து அடிதான், லாரி வராது. சித்திரையில் கிணறு வற்றும்." ஆரம்பத்தில் எனக்கு இது வியாபாரத்தைக் கெடுப்பதாகவே பட்டது. ஆனால் அவரிடம் ஒருமுறை வாங்கியவர் தன் தம்பியை அனுப்புவார், தம்பி தன் சம்பந்தியை அனுப்புவார். அவர் விளம்பரத்துக்கு என்று ஒரு ரூபாயும் செலவழித்ததில்லை.

குறையை முதலில் சொன்னால் வாங்குபவர் விலையைக் குறைப்பார் என்று பயப்படுவார்கள். குறைத்தால் குறைக்கட்டும். பிறகு தெரிந்து சண்டைக்கு வந்தால் போவது அந்த ஒரு வியாபாரம் மட்டுமல்ல; நம்மவர் கூட்டம் சிறியது, செய்தி ஒரே நாளில் எல்லா ஊருக்கும் போய்விடும். ஆகவே தரகருக்கு நான் சொல்லும் விற்பனை உபாயங்கள் நான்குதான். காகிதத்தை முதலில் காட்டு. கூலியை வெளிப்படையாகச் சொல். மலையாளச் சொல்லுக்குத் தமிழில் பொருள் சொல். வாங்கக்கூடாதவருக்கு விற்காதே. இவை தர்மத்துக்காக மட்டும் சொன்னவை அல்ல. நீண்ட நாள் தொழிலில் நிற்க வழியும் இவையே.

கேட்க வேண்டிய வரிசை

இடத்தைப் பார்க்கக் கிளம்புவதற்கு முன் இவற்றை வாங்கிவிடுங்கள்.

1. விற்பவரின் ஆதாரமும், அதற்கு முந்தைய ஆதாரங்களும். குறைந்தது 30 ஆண்டுத் தொடர்ச்சி வேண்டும். பட்டயம் இருந்தால் அதன் நகலும் நிபந்தனைகளும்.

2. நடப்பு ஆண்டின் வரி ரசீது. அதில் பெயர், தண்டப்பேர் எண், 'நிலம்' என்று இருக்கிறதா 'புரையிடம்' என்று இருக்கிறதா என்பது.

3. வில்லேஜ் ஆபீசில் அடிப்படை வரிப் பதிவேட்டின் நகல். ரசீதும் பதிவேடும் ஒன்றே சொல்ல வேண்டும்.

4. கைவசச் சான்று, சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து வில்லங்கச் சான்று. அங்கே இதைக் 'குடிக்கடச் சான்று' என்பார்கள்.

5. டேட்டா பேங்க் பட்டியலில் அந்தச் சர்வே எண் இல்லை என்பதற்கு அத்தாட்சி. மலைப்பக்கமானால், வீடு கட்ட வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்று கிடைக்குமா என்பதும்.

6. மனைத் திட்டமானால் கே-ரெரா பதிவு எண். தரகரின் பதிவு எண்ணும். இரண்டையும் ஆணையத்தின் இணையதளத்தில் நாமே சரிபார்க்கலாம்.

இந்தக் கட்டை, தரகர் காட்டும் வக்கீலிடம் அல்லாமல், நாமே தேடிய வக்கீலிடம் கொடுக்க வேண்டும். பாலக்காட்டு நிலத்துக்குப் பாலக்காட்டு வக்கீல், தேவிகுளத்து நிலத்துக்குத் தேவிகுளம் அல்லது தொடுபுழை வக்கீல். கோவை வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் 'நிலம்' என்ற சொல்லில் அவரும் நம்மைப் போலவே ஏமாற வாய்ப்பு உண்டு. வக்கீலுக்குக் கொடுக்கும் சில ஆயிரங்களை மிச்சம் பிடித்துப் பல லட்சங்களைத் தொலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த ஆறும் கையில் வர மூன்று வாரம் ஆகும். விடுமுறை முடிந்துவிடுமே என்று கவலைப்பட வேண்டாம். ஊருக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்பே கேட்டு அனுப்பச் சொல்லுங்கள். அனுப்புகிற தரகரோடு பேசுங்கள். "நேரில் வாருங்கள், எல்லாம் காட்டுகிறேன்" என்று மட்டும் சொல்பவரை விட்டுவிடுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். குளிரிலும் வெயிலிலும் அந்நிய மண்ணில் நின்று சேர்த்த பணம் இது. சொந்த மண்ணில் நாலு சென்ட் வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசைதான். அந்த நாலு சென்ட்டும் புரையிடமாக இருக்கட்டும்.